இருபத்தொன்றும் பதினான்கும்

மாணவ நண்பர்களே, அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்துச் சட்டங்கள் இரண்டைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒன்று துப்பாக்கியைப் பற்றியது. மற்றொன்று குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களைப் பற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எழுந்த ஓர் ஐயம் என்னை விட்டு அகலவில்லை.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், பார்க்லேண்ட் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் சுட்டதில் 17 பேர் மாண்டனர். அவனுக்கு வயது 19. அத்துப்பாக்கியை அவன் திருடவில்லை, சட்டப்படியே வாங்கியிருந்தான். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது வேண்டும் என்ற மத்திய சட்டம், நீண்ட துப்பாக்கிக்கு 18 வயதே போதும் என்று விட்டிருந்தது. உயிர் தப்பிய மாணவர்கள் தலைநகருக்குச் சென்று சட்டமன்றத்தாரிடம் நேரில் முறையிட்டார்கள். உங்கள் வயதினர்தாம் அவர்கள்! ஒரு மாதம் முடியுமுன், மார்ச் 9 அன்று, புதிய சட்டம் கையெழுத்தாயிற்று. நீண்ட துப்பாக்கி வாங்கவும் 21 வயது என்றாயிற்று. ஆபத்து விளைவிக்கக் கூடியவரிடமிருந்து, நீதிமன்ற ஆணை பெற்று ஆயுதங்களை எடுத்து வைக்கவும் வழி பிறந்தது. தந்தை மகனுக்குத் துப்பாக்கியைப் பரிசளிப்பதை மட்டும் அச்சட்டம் தடுக்கவில்லை, விந்தைதான்.

இனி மற்றச் சட்டம். சிறுவருக்கெனத் தனி நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் தோன்றியது. தண்டிப்பதைவிடத் திருத்துவதே அதன் நோக்கம். புளோரிடாச் சட்டமோ, சில கடுங்குற்றங்கள் சாட்டப்பட்ட 14 வயதுச் சிறுவனை, நீதிபதியைக் கேளாமலே, பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பும் உரிமையை அரசு வழக்கறிஞருக்கு அளித்தது. சில வழக்குகளில் அனுப்பியே தீரவேண்டும் என்றிருந்த விதியை 2019-இல் நீக்கினார்கள். வழக்கறிஞரின் விருப்புரிமையில் கை வைக்கவில்லை.

துப்பாக்கி வாங்க இருபது வயதினனுக்கு முதிர்ச்சி போதாது என்றால், பதினான்கு வயதினனுக்கு அது எங்கிருந்து வந்தது? மகனைப் பறிகொடுத்த தாய் கடுந்தண்டனை கோருவதை நான் குறைகூறேன். ஆயினும் அச்சிறுவனை எங்கே விசாரிப்பது என்பதை, அவன் நிலையை ஆராய்ந்து நீதிபதியே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

2018-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், 2025 மார்ச்சில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. நாட்டின் தொடக்க காலத்தில் 21 வயது நிரம்பாதவர்கள் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்களாகவே கருதப்பட்டார்கள் என்பது தீர்ப்பு கூறிய காரணங்களுள் ஒன்று. அதைப் படித்தபோது, கூண்டில் நிற்கும் பதினான்கு வயதுச் சிறுவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.