ஃபியூஸ் என்ன பாவம் செய்தது?

நடுவர் அவர்களே! பழசைக் கண்டாலே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடத் துடிக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பண்டிகை நாளில் குடும்பத்தோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

பழுதான பொருளைச் சரி செய்வதே சிறந்தது என்ற அணியில் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேட்டார்கள்: "தெரியாத வேலையில் கையை வைத்து, இருக்கிறதையும் கெடுப்பதா?" நியாயமான கேள்வி. அப்படிக் கெடுத்தவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்! (கைதட்டல்)

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். கம்பெனிப் பெட்டி இல்லீங்க. எங்கப்பா உதிரி பாகங்கள் வாங்கித் தானே கோத்தது. அவர் காலமான பிறகும் அம்மா அதைத் தினம் துடைத்து வைப்பாங்க. காருகுறிச்சியார் நாதஸ்வரத்தை அதில்தான் கேட்பாங்க. ஒரு பொங்கலன்று 'டப்'புன்னு நின்னு போச்சு. பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கு. நம்மாளு என்ன செய்வான்? ஒரு செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகினேன். (சிரிப்பு) ஸ்விட்சைப் போட்டேன். ஸ்பீக்கர் முன்னால் துருத்திக்கிட்டு அப்படியே நின்னுது. கருகின வாசனை. அம்மா ஒன்றும் சொல்லலை. ஒரு துணியைப் போட்டு மூடினாங்க. அன்னைக்கு முழுக்க என்னோடு பேசலை.

தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் செய்கிற அண்ணாச்சியிடம் போனேன். அவர் சொன்னார்: "சார்வாள், ஃபியூஸ் போனது வியாதி இல்ல, காய்ச்சல். உள்ள பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆயிருக்கு. கரண்டை நிப்பாட்டத்தான் ஃபியூஸ் உயிரை விட்டுது. நீங்க கம்பியைப் போட்டு ஸ்பீக்கரையும் சேத்துக் கொன்னுட்டீய." நானே செய்கிறேன், சொல்லிக் கொடுங்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். சரி என்றார்.

சகோதரி 'ஆபத்து' என்றார்களே, அது சத்தியமான வார்த்தை. 230 வோல்ட் விளையாட்டுப் பொருள் இல்லை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். என்னை மாதிரி. பேச்சை நிறுத்திட்டா கோபம் போயிடுச்சுன்னு அர்த்தமில்லை! (சிரிப்பு) ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஸ்டீரியோவில் ஒரு வசதி உண்டு. வலது பக்கம் செத்தாலும் இடது பக்கம் உயிரோடு இருக்கும். அதை அளந்து இதோடு ஒப்பிடணும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாதிரி! டிரான்சிஸ்டரைக் கழற்றி மீட்டரை டயோடு நிலையில் வைத்தால், நல்லது ஒரு பக்கம் 0.6 வோல்ட் சுமாருக்குக் காட்டும். திருப்பி வைத்தால் ஒன்றும் காட்டாது. என்னுடையது எப்படி வைத்தாலும் பூஜ்யம். அதைத் தூண்டிவிடுகிற சின்ன டிரான்சிஸ்டரும் போயிருந்தது. அதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் கருகியிருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் 2 என் 3055 கேட்டேன். "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கடைக்காரரே கேட்டார். எவ்வளவு நாணயமான மனிதர், பாருங்கள்! (சிரிப்பு)

மாட்டும்போது பழைய டிரான்சிஸ்டருக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எறிந்துவிட்டேன். அது மைக்கா! டிரான்சிஸ்டரின் இரும்பு உடம்பிலேயே மின்சாரம் ஓடும். வெப்பம் வாங்குகிற அலுமினியத்தில் அது படாமல் காப்பது அந்தத் தகடுதான். நல்லவேளை, அண்ணாச்சி 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின் லைனில் தொடராக மாட்டச் சொல்லியிருந்தார். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஸ்விட்சைப் போட்டேன். பல்பு பளீர்னு எரிந்தது. உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். கரண்டைப் பல்பு தடுத்ததால் என் காசு தப்பித்தது.

புது மைக்கா, இரண்டு பக்கமும் வெள்ளைப் பசை, மறுபடி ஸ்விட்ச். பல்பு ஒரு கணம் மின்னி, மங்கிப் போச்சு! ஸ்பீக்கர் முனையில் அளந்தேன், 20 மில்லிவோல்ட். அதன் பிறகுதான் ஸ்பீக்கரை மாட்டப் போனேன். அப்போதுதான் ஆதி குற்றவாளி அகப்பட்டான். பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயரில் தலைமுடி மாதிரி ஒரு இழை பிரிந்து, பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது! பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது ஒயரை இழுத்தவன் நான்தான்.

நடுவர் மணி அடிக்கிறார். ஒரே நிமிஷம் ஐயா. இழையைச் சரியாக முறுக்கி, பழைய ஸ்பீக்கரில் சோதித்து, வாங்கி வந்த புதுசை மாட்டி நாதஸ்வரம் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்னாங்க. கொஞ்ச நேரம் கேட்டாங்க. அப்புறம், எங்கப்பாகிட்ட தினமும் சொல்வாங்களே, அதே குரலில் சொன்னாங்க: "சத்தத்தைக் குறைங்க, பக்கத்து வீட்டுல புள்ளைக படிக்குது."

(பலத்த கைதட்டல்)