மழையொலியும் மனத்தின் அச்சமும்

கேரளத்தின் கிழக்கெல்லை நெடுகிலும் தமிழ் வழங்கும் ஊர்கள் பல உள. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை. இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை. இவ்வூர்களிலிருந்து மும்பைக்கும் தில்லிக்கும் பிழைப்பை நாடிச் சென்ற நேயர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை என்றாலே ஊர் நினைவு எழும். ஆனால் அதே மழை சிலருக்கு அச்சத்தின் குரலாகவும் ஒலிக்கிறது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன, பெரும்பாலோர் தமிழர். இத்தகைய பேரிடரில் உயிர்தப்பியோருள் சிலருக்கு, ஆண்டுகள் சென்ற பின்னும், தகரக் கூரைமேல் மழை விழும் ஓசை கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கெடுகிறது. "இன்னுமா பயம்?" என்று சுற்றத்தார் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை தேட நாம் செல்ல வேண்டிய இடம், சற்றும் எதிர்பாராத வகையில், ருஷ்ய நாட்டின் ஒரு நாய்க் கொட்டடி ஆகும்.

மணியோசைக்கு எச்சில் ஊறிய நாய்களைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அவற்றை ஆராய்ந்த பாவ்லாவின் லெனின்கிராடு ஆய்வகத்தை 1924ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் பெருவெள்ளம் சூழ்ந்தது. கொட்டடியில் நீர் ஏறவே, நாய்களை நீந்தவைத்து ஆய்வகத்திற்குக் கொண்டு சேர்த்தனர். உடலுக்கு ஊறில்லை. எனினும் சில நாய்கள் அதுவரை கற்ற பாடங்கள் அனைத்தையும் இழந்துவிட்டன. அவற்றுள் ஒன்று சோதனை அறையில் உணவையும் தொட மறுத்தது.

அந்த நாயைத் தொடர்ந்து கவனித்தவர் ஸ்பெரான்ஸ்கி. பழகிய மனிதர் ஒருவர் அறையில் உடனிருந்தால் கற்ற பாடம் நாய்க்குத் திரும்பியது. அவர் வெளியே சென்றால் மறைந்தது. நாளடைவில் நாய் தேறியது. பின்னர் ஒரு நாள், கதவின் அடியில் சிறிது நீர் கசிந்து வருமாறு செய்தார்கள். நாய் பதறி எழுந்தது, நீரையே வெறித்தது, தப்பியோட முயன்றது. பழைய நோய் முழுவதும் மீண்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இச்சோதனைக்கும் தகரக் கூரையின் மழைக்கும் இடையே உள்ள தொலைவு அதிகமன்று.

அச்சத்தை ஊட்டிய குறி தீங்கின்றித் திரும்பத் திரும்ப வந்தால் அச்சம் குறையும். இதற்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்டிங்ஷன்' என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இதனை 'அழிதல்' என்று தமிழாக்குவதை நான் விரும்புவதில்லை. 'தணிதல்' என்பதே பொருந்தும். ஏனெனில் பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் புதியதொரு பாடம் படிகிறது, அவ்வளவே. ஓய்வுக்குப் பின் பழையது தானே தலைதூக்குவதைப் பாவ்லாவே கண்டார்.

அமெரிக்காவில் பௌட்டன், போல்ஸ் என்னும் இருவர் 1979இல் எலிகளைக் கொண்டு இன்னுமோர் உண்மையைக் காட்டினர். ஒரு கூண்டில் கற்ற அச்சத்தை வேறொரு கூண்டில் தணித்த பின், எலியை மீண்டும் பழைய கூண்டில் விட்டால் அச்சம் திரும்பிவிடுகிறது. தணிந்த பாடம் இடத்தோடு ஒட்டியது என்பது இதன் பொருள். வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. மும்பையில் எத்தனையோ மழைக்காலங்களை அமைதியாகக் கழித்த ஒருவர், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மலையேறி, சொந்த ஊரின் முதல் மழையிலேயே நடுங்கக் கூடும். அது கோழைத்தனமன்று, இவ்வளவு காலம் நடித்தார் என்பதும் அன்று.

சிகிச்சையிலும் இவ்வறிவு பயன்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் வோல்பே என்ற மருத்துவர், கூண்டில் அச்சுறுத்தப்பட்ட பூனைகளுக்கு முதலில் அக்கூண்டிருந்த அறையைச் சற்றும் ஒவ்வாத அறையில் உணவு தந்தார். பிறகு படிப்படியாக ஒத்த அறைகளுக்கு நகர்த்தி, இறுதியில் அக்கூண்டிலேயே உண்ணவைத்தார். 1958இல் வெளியான அவரது நூலுக்குப் பின் இம்முறை மனிதருக்கும் பரவியது. முதலில் மனத்தளவில் மழையை நினைத்தல், பிறகு பதிவு செய்த மழையொலி, பிறகு துணையோடு மெய்யான மழை என்று மருத்துவர் மெல்ல மெல்ல அழைத்துச் செல்வார். ஒரே அறையில் மட்டும் பழக்காமல் பல இடங்களிலும் பழக்குவது நலம் என்பது எலிகள் தந்த பாடம். துணையிருப்பதன் வலிமையோ லெனின்கிராடு நாய் தந்தது.

ஆனால் ஒப்புமையை எல்லை மீறி இழுத்தலாகாது. "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?" என்று நாய் கேட்பதில்லை. இழந்த பிள்ளைக்காக அழும் தாயின் துயரம் மறிவினை அன்று. அதைத் தணிக்க முனைவதும் முறையன்று. மேலும், மீண்டும் சரியக் கூடிய மலைச்சரிவின் அடியில் குடியிருப்பவர் மழைக்கு அஞ்சுவது நோயே அன்று. அங்கே மாற்ற வேண்டியது அச்சத்தை அல்ல, வீட்டை. பெட்டிமுடியில் உயிர்தப்பிய சில குடும்பங்களுக்கு மூணாற்றின் அருகே குட்டியார்வேலியில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. பாதுகாப்பான கூரையின்கீழ் இருந்தும் நடுக்கம் ஓயாவிடில், அப்பொழுதே மருத்துவரின் வேலை தொடங்குகிறது.

எந்த மாநிலத்தில் இருந்தாலும் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' சேவையை அழைக்கலாம். மைய அரசு 2022இல் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.