பாடநூல் யாருக்காக?



தேசத்தின் எதிர்காலத்தைப் பற்றியும் இளைஞர்களின் கடமையைப் பற்றியும் பொதுவாகச் சில நல்வார்த்தைகள் சொல்வது பட்டமளிப்பு விழாக்களின் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்திலிருந்து சற்றே விலகி, கல்வியியலில் தேர்ந்து ஆசிரியத் தொழிலுக்கும் ஆராய்ச்சிக்கும் இன்று புறப்படுகிற உங்களில் பெரும்பாலோர் வருகிற ஜூன் மாதம் முதல் தினந்தோறும் கையில் எடுக்கப்போகிற ஒரு சாமானியப் பொருளை, அதாவது பள்ளிப் பாடநூலை, இன்றைய பேச்சுக்கு விஷயமாக எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். எத்தனையோ ஏழை வீடுகளில் பஞ்சாங்கத்துக்கு அடுத்தபடியாக நுழைகிற அச்சுப் புத்தகம் இதுதான். அந்த வீட்டுக் குழந்தைக்கு உலகத்தின் விஸ்தாரம் முதன்முதலாகத் தெரிய வருவதும் இதன் பக்கங்களில்தான். இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் நூலைப் பற்றி ஆராய்ச்சி உலகம் என்ன கண்டறிந்திருக்கிறது என்பதை ஓர் ஆசிரியர் அறிந்திருப்பது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

புத்தகம் கிடைத்தால் படிப்பு உயரும் என்று நெடுங்காலமாக எல்லோரும் நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. பிலிப்பைன்ஸ் அரசாங்கம் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் என்றிருந்த நிலையை இரண்டு குழந்தைகளுக்கு ஒன்று என்று மாற்றியபோது, மாணாக்கரின் தேர்ச்சி உயர்ந்ததாக ஹெய்ன்மன், ஜேமிசன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1984-ல் வெளியிட்ட மதிப்பீடு காட்டிற்று. ஆனால் கென்யாவின் மேற்குப் பகுதியில் 1996-ல் தொடங்கிய ஒரு பரிசோதனை இந்த நம்பிக்கையை நின்று யோசிக்க வைத்தது. மைக்கேல் கிரெமர், பால் கிளெவ், சில்வி மூலென் என்ற மூவர் அங்கே நூறு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த இருபத்தைந்து பள்ளிகளுக்கு முதலில் பாடநூல்கள் கிடைக்கும்படி ஏற்பாடு செய்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அவர்களுடைய முடிவு, புத்தகங்களால் சராசரி மதிப்பெண் உயர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை என்பதே. முன்பே நன்றாகப் படித்துவந்த சிறுபான்மைக் குழந்தைகள் மட்டும் மேலும் முன்னேறினார்கள்.

காரணம் வெகு எளிது. அதனாலேயே மனத்தை வருத்துவது. அந்த நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன; அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. தலைநகரத்து வசதியான வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்து வகுத்த பாடத்திட்டம், கிராமத்துப் பிள்ளையின் கையில் புத்தகமாக வந்து சேர்ந்தது. அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றும், அச்சுப் பிழையின்றி வந்தும், விநியோகம் ஒழுங்காக நடந்தும், பக்கத்தைத் திறந்த குழந்தையால் அதைப் படிக்க முடியவில்லை.

விநியோகத்தின் கதையும் எல்லா இடங்களிலும் அவ்வளவு ஒழுங்கானதல்ல. சியரா லியோனில் அனுப்பப்பட்ட பாடநூல்களில் பெரும்பகுதியைப் பள்ளிகள் குழந்தைகளிடம் கொடுக்காமல் பத்திரப்படுத்திவிட்டன என்று உலக வங்கியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் எழுதினார்கள். அடுத்த வருஷம் புத்தகம் வருமோ வராதோ என்ற அச்சத்தில் இருப்பதைக் காப்பாற்றி வைத்த அந்தத் தலைமையாசிரியர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நிச்சயமற்ற கொள்கை எத்தனை சிரத்தையுள்ள மனிதனையும் பூட்டுச் சாவியோடு நிற்க வைத்துவிடும்.

நம் தேசத்துக்கு வருவோம். நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையில் பேசக் கிடைத்த சந்தர்ப்பத்தைப் பள்ளிக் குழந்தைகளின் முதுகுச் சுமையைப் பற்றிச் சொல்வதற்கு உபயோகித்துக்கொண்டார். விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் பின்னர் அமைந்த குழு 1993-ல் அளித்த அறிக்கை, பையின் எடையைக் காட்டிலும் புரியாமையின் பாரமே குழந்தைக்குக் கொடியது என்ற நுட்பமான உண்மையை எடுத்துரைத்தது. ஆனால் எடையை நிறுக்கத் தராசு இருக்கிறது, புரியாமையை நிறுக்க அப்படியொன்று இல்லை என்பதனாலோ என்னவோ, சுமையைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பக்கங்களைக் குறைப்பதே எங்கும் வழக்கமாயிற்று. பக்கத்தைக் குறைக்கிறவர் எதை நீக்குகிறார் என்று கவனித்துப் பாருங்கள். வரையறை பரீக்ஷைக்கு வரும், ஆகவே அது நிற்கும். பெயர்களும் ஆண்டுகளும் நிற்கும். போவது உதாரணமும், காரணத்தையும் காரியத்தையும் இணைக்கிற வாக்கியமும்தான்.

இதனால் விளையும் தீங்கை அமெரிக்காவில் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் முதலியோர் 1991-ல் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. தங்கள் நாட்டு வரலாற்றுப் பாடநூலிலிருந்து, அமெரிக்கப் புரட்சிக்கு முந்திய நிகழ்ச்சிகளைச் சொல்லும் ஒரு பகுதியை எடுத்து, குழந்தைக்கு முன்பே தெரியும் என்று நூலாசிரியர் எண்ணிவிட்டவற்றை விளக்கியும், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பைச் சொல்லியும் அவர்கள் திருத்தி எழுதினார்கள். திருத்தியது மூலத்தைவிட நீளமாகிவிட்டது; ஆயினும் அதைப் படித்த நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளே அதிகமாக நினைவுகூர்ந்தார்கள், கேள்விகளுக்கும் மேலாக விடையளித்தார்கள்.

நம்முடைய பாடம் ஒன்றை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். கரிகாலன் காவிரியில் கல்லணை கட்டினான், அதனால் வேளாண்மை செழித்தது என்று இரண்டே வரியில் ஒரு நூல் சொல்லிவிட்டுப் போகலாம்; குழந்தையும் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம். ஆற்றின் நடுவே கல்லைப் போட்டால் வயல் எப்படி விளையும் என்று அந்தக் குழந்தை கேட்டால், அந்த இரண்டு வரிகளில் பதில் இல்லை. காவிரியின் நீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்கு ஓடிவிடாமல் அந்த அணை தடுத்து, டெல்டாவின் வயல்களை நோக்கிச் செல்லும் கிளைகளில் திருப்பிவிட்டது என்று மூன்றாவது வரி ஒன்று இருந்திருந்தால், மன்னன் பெயரை மறந்த பிறகும் அந்த அறிவு குழந்தையிடம் நிலைத்திருக்கும். அந்த மூன்றாவது வரியைச் சுமை என்று நீக்குவது குழந்தைக்குச் செய்யும் அநீதி என்று இந்தச் சபையில் உரத்துச் சொல்ல விரும்புகிறேன். புத்தகத்தில் இல்லாத விளக்கத்தைத் தேடி வசதியுள்ளவன் டியூஷனுக்குப் போவான், கைடு வாங்குவான். வசதியற்றவனுக்கு அந்த இரண்டு வரிகளே கதி.

ஒரு நூல் எளிதா கடினமா என்று அளப்பதற்கு ஆங்கிலத்தில் சூத்திரங்கள் உண்டு. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-ல் வகுத்தது வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லிலுள்ள அசைகளையும் எண்ணிக் கணக்கிடுவது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது தவறான முடிவுகளையே தரும். ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற நீண்ட சொல் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு விளங்கிவிடும். ‘உந்தம்’ என்ற குட்டிச் சொல் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனையும் திகைக்கவைக்கும். நம் மொழியின் இயல்புக்கு ஏற்ற அளவுகோலை, நம் குழந்தைகளின் வாயிலிருந்தும் காதிலிருந்தும் தொடங்கி நாமே உண்டாக்கிக்கொள்ளவேண்டும். உங்களில் சிலராவது வாழ்நாள் முயற்சியாக மேற்கொள்ளத் தக்க காரியம் இது.

கொள்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு பாடத்திட்டங்களாகப் பிரிந்திருந்த தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பொதுவான கல்வி வேண்டும் என்ற 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டம் மறு வருஷம் வழக்கில் சிக்கி, உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டு 9-ஆம் தேதி தீர்ப்பளிக்கும்வரை, பள்ளி திறந்த பின்னும் இலட்சக்கணக்கான குழந்தைகள் பாடநூல் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் இருக்கலாம், எந்த வரியை மறைக்கலாம் என்ற வாதம் ஓங்கி ஒலித்த அந்த நாட்களில், ஆறாம் வகுப்புக் குழந்தை அந்த நூலைப் படித்துப் புரிந்துகொள்கிறதா என்ற கேள்வி வாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை. 2018 முதல் வந்த புதிய நூல்களில் வண்ணப் படங்களும் கைபேசியால் படிக்கத் தக்க கியூ.ஆர். குறிகளும் சேர்ந்தன, வரவேற்கத் தக்க மாறுதல்தான். கைபேசி இல்லாத வீட்டில் அந்தக் குறி என்ன பிரயோஜனம் தருகிறது என்பதை நேரில் சென்று அறிவது உங்கள் தலைமுறைக்கு உரிய வேலை.

புரிகிறதா என்பதோடு, நூல் என்ன சொல்கிறது என்பதையும் ஆராயவேண்டும். அத்தகைய உள்ளடக்க ஆராய்ச்சிக்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரம் ஒரு நல்ல திருஷ்டாந்தம். யுத்தத்தின் சாம்பல் ஆறுமுன் 1951-ல் கேயார்க் எக்கர்ட் என்ற வரலாற்றாசிரியர் அங்கே தொடங்கிய ஸ்தாபனம், பகைமை கொண்ட தேசங்கள் ஒன்றையொன்று தம் பாடநூல்களில் எப்படிச் சித்திரித்தன என்பதை ஆராய்ந்தது. 1972-ல் ஜெர்மானிய, போலந்து அறிஞர்களின் கூட்டுக்குழு அமைந்தது. 2006-ல் ஜெர்மனியும் பிரான்சும் ஒரே வரலாற்று நூலை இரு மொழிகளில் வெளியிட்டன. பல தேசத்துப் பாடநூல்களைப் பழைய பதிப்புகளோடு ஒரே நூலகத்தில் சேகரித்து வைத்திருப்பது அவர்களுடைய ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம். புதிய பதிப்பு வந்ததும் பழையதை எடைக்குப் போட்டுவிடுகிற வழக்கத்தை இந்தப் பல்கலைக்கழகமாவது கைவிட்டு, ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பிரதியை நூலகத்தில் பாதுகாக்கும்படி துணைவேந்தர் அவர்களை இந்தச் சந்தர்ப்பத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டதாரிகளே, உங்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நீங்கள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும், அந்த வருஷத்துப் பாடநூலில் ஒரு பாடத்தைத் தேர்ந்துகொண்டு, நீங்கள் நடத்துவதற்கு முன்பாக, வகுப்பில் சுமாராகப் படிக்கும் மூன்று குழந்தைகளை ஒவ்வொருவராக அருகில் உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறினார்கள், எந்த வரியைத் தாண்டிப் போனார்கள், எதைத் தவறாக அர்த்தம் செய்துகொண்டார்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி, அடுத்த பதிப்புக்கு முன் பாடநூலை எழுதுகிறவர்களுக்கு அனுப்புங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பாடமும் சில பள்ளிகளில் இவ்விதம் பரிசோதிக்கப்படவேண்டும் என்ற விதியை அரசாங்கம் செய்யும்வரை, உங்கள் குறிப்புகளே அந்தப் பரிசோதனையாக இருக்கும்.