விபீஷணன் சுமந்த பழி

எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில், இரவு லயத்தில் பேசிய பேச்சு விடியுமுன் துரையின் பங்களாவுக்கு எட்டிவிட்டதென்று தெரிந்தால், காலைப் பிரட்டுக்களத்திலே, "எந்த விபீஷணன் பண்ணின வேலை இது?" என்று ஒரு குரல் எழும். இலங்கை வேந்தனின் இளவலுக்கு நம் ஜனங்கள் சூட்டிய பட்டம் அது; அதற்கு அவன் பாத்திரன்தானா என்பதைச் சிறிது விசாரிக்க விரும்புகிறேன்.

கோள் சொல்பவன் இருட்டில் நடப்பவன். விபீஷணனோ, தூதனாக வந்த அனுமனைக் கொல்லலாகாது என்று நிறைந்த சபையிலே தடுத்தவன். கேட்பவன் திக்கெல்லாம் நடுங்கவைத்த தமையன் என்பதை அறிந்திருந்தும், சீதையைத் திருப்பி அனுப்பிவிடும்படி முகத்துக்கு நேரே மன்றாடியவன். அந்த ஹிதோபதேசத்துக்குச் சம்மானமாக வசைமொழிகளைப் பெற்ற பின்னரே, துணைவர் நால்வரோடு கடல் கடந்தவன். அக்கரையில் மாத்திரம் மாலை மரியாதையா காத்திருந்தது? இவனை நம்பலாகாது என்றே சுக்கிரீவன் வாதாடினான். இராமன் அபயம் அளித்திராவிட்டால், இரு கரைக்கும் ஆகாதவனாய் அவன் மாண்டிருப்பான்.

நிகும்பலையில் இந்திரசித்து இயற்றிய வேள்வியின் ரகசியத்தை வெளியிட்டானே என்பீர்கள். மெய்தான், தமையன் மகன் மடிய வழி சொன்ன அந்த இடத்தை எந்த நியாயம் கொண்டும் பூசி மெழுக என்னால் ஆகவில்லை. கம்பர் காவியத்தில், போர்க்களத்துக்கே தம்பி வந்து அழைத்தும், உண்ட சோற்றை மறவாமல் அண்ணனுக்காக உயிர் நீத்த கும்பகருணனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் அவன் பக்கமே சாய்ந்துவிடுகிறது. விபீஷணனுடைய அபகீர்த்தியில் பாதி, அந்தத் தமையனின் புகழ் விளைத்ததென்றே நான் கருதுகிறேன்.

வைஷ்ணவர்களோ அவனைச் சரணாகதியின் திருவுருவாகக் கண்டு, விபீஷணாழ்வான் என்றே போற்றுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் எட்டியாந்தோட்டையருகே பாய்ந்திறங்கும் களனி கங்கை சென்றடைகிற களனியிலே, சிங்கள மக்கள் அவனைக் காவல் தெய்வமாகவே வணங்குகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில், கோட்டை இராஜதானி மேலோங்கியிருந்த காலத்தில், ஸ்ரீ ராகுல தேரர் பாடிய 'செலலிஹினி சந்தேசய' என்னும் தூதுக் காவியத்திலே, அரசகுமாரிக்குப் புத்திர பாக்கியம் வேண்டி ஒரு பறவை தூது செல்வதும் களனியில் உறையும் இதே விபீஷணனிடந்தான். ஆற்றின் மேற்புறத்துத் தோட்டத்திலே வசையாய் வழங்கும் பெயர், அதே ஆற்றின் கீழ்ப்புறத்திலே பிரார்த்தனையாய் ஒலிக்கிறது.

பிரட்டுக்களத்துக் கோள்காரனுக்குக் கருங்காலி என்ற பெயர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதையே வழங்குங்கள்; விபீஷணனை விட்டுவிடுங்கள்.