திறவுகோல் யாரிடம்?



ஐப்பசி பிறந்துவிட்டால், சோழமண்டலக் கரையில் வாழும் எங்களைப் போன்றவர்களின் கண்கள் தாமாகவே கீழ்வானத்தை நோக்கத் தொடங்கிவிடும். நம் ஏரிகளையும் குளங்களையும் நிரப்புகின்ற வடகிழக்குப் பருவமழை அத்திசையிலிருந்துதான் வருகிறது. வாழ்வைக் குலைக்கும் புயலும் அத்திசையிலிருந்தேதான் வருகிறது. ஒன்றை வேண்டி, மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் புயல் வருமுன் செய்ய வேண்டியவற்றைச் செய்துகொள்ள நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. அதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன். நாகைக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூரில் தலைமையாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆதலின் என் பேச்சு பள்ளிக்கூடத்தைச் சுற்றியே அமையும்; பொறுத்தருள்க.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில், நூற்றுக்கு மேற்பட்ட மக்களோடு அலைகளுக்கு இரையாயிற்று. மக்கள் நிறைந்து வாழ்ந்த ஓர் ஊர், மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் நடுக்கடலில் நிகழ்வதை அறிவதற்குக் கப்பல்களிலிருந்து வரும் செய்திகளையும், கரையோர நிலையங்களின் கருவிகளையுமே பெரிதும் நம்பவேண்டியிருந்தது.

இன்று நிலைமை அவ்வாறில்லை. 1875இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை, செயற்கைக்கோள்களைக் கொண்டும், சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார்களைக் கொண்டும் புயலின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கின்றது. எச்சரிக்கையும் படிப்படியாக வருகின்றது. கரையோரத்தில் வானிலை மோசமடைவதற்கு ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன்பு முதல் அறிவிப்பு. 48 மணிக்கு முன்பு விழிப்பு அறிவிப்பு. 24 மணிக்கு முன்பு புயல் எச்சரிக்கை. கரையைக் கடப்பதற்கு 12 மணிக்கு முன்பு, கடந்தபின் உள்நாட்டில் என்ன நேரும் என்பது பற்றிய அறிவிப்பு. மூன்று நாள் அவகாசம் என்பது சிறியதன்று. அப்படியிருந்தும் நாம் தவறுவதேன்? என் சொந்த அனுபவத்தையே சொல்லி விடுகிறேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கஜா புயல் வந்தது. எச்சரிக்கை உரிய காலத்தில் கிடைத்தது. 15ஆம் நாளுக்குப் பள்ளி விடுமுறை அறிவிக்கப்பட்டது. எங்கள் பள்ளியில் இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்று பழைய ஓட்டுக் கட்டடம்; மற்றொன்று மாடியோடு கூடிய புதிய கான்கிரீட் கட்டடம். ஊர் மக்கள் தங்குவதற்குரிய இடம் என்று அந்தப் புதிய கட்டடந்தான் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. அதில் கணினிகள் இருந்தமையால் அதன் திறவுகோலை நான் எவரிடமும் கொடுப்பதில்லை. 14ஆம் நாள் மாலை வழக்கம்போல அதைப் பையில் போட்டுக்கொண்டு நாகையிலுள்ள என் வீட்டுக்குச் சென்றுவிட்டேன்.

மறுநாள் மாலை, கரையோரக் குடிசைகளிலிருந்து ஏறத்தாழ 200 பேரை ஊழியர்கள் பள்ளிக்கு அழைத்து வந்தனர். காவலரிடம் ஓட்டுக் கட்டடத்தின் சாவி மட்டுமே இருந்தது. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது இருட்டிவிட்டது; பேருந்துகள் நின்றுவிட்டன; காற்று வலுத்துவிட்டது. "காலையில் கொண்டுவருகிறேன்" என்றேன். இதைவிடப் பொருளற்ற ஒரு விடையை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

நள்ளிரவுக்குப் பின், 16ஆம் நாள் தொடங்கிய சிறு பொழுதில், புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. மக்கள் கொட்டும் மழையில் நனைந்தபடி ஒரு மூலையில் ஒடுங்கினர். அவர்களிடையே பிறந்து பதினொரு நாளே ஆன குழந்தை ஒன்றும் இருந்தது. இறுதியில் பத்தாம் வகுப்பு மாணவர் இருவரும், சத்துணவுக் கூடத்து அம்மையாரும் கடப்பாரை ஒன்றைத் தேடியெடுத்து, புதிய கட்டடத்தின் பூட்டை உடைத்து எல்லாரையும் உள்ளே கொண்டு சேர்த்தனர். உயிர்ச்சேதம் ஏதுமில்லை. அது என் முன்னேற்பாட்டினால் அன்று; அவர்களுடைய துணிவினால்.

மரங்கள் விழுந்து கிடந்த சாலை வழியே மறுநாள் நடந்தும் பிறர் வண்டியிலுமாக நான் ஊர் சென்றடைந்தேன். குழந்தையின் பாட்டி என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "பூட்டை உடைத்துவிட்டோம், ஐயா, பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். பொறுத்தருளும்படி கேட்டிருக்க வேண்டியவன் நான். அவ்வுடைந்த பூட்டை இன்றும் என் மேசைமீது வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, எங்கள் ஊரில் எச்சரிக்கைக்குக் குறைவில்லை. உறுதியான கட்டடத்துக்கும் குறைவில்லை. "திறவுகோல் யாரிடம்?" என்று ஒருவரும் முன்னதாகக் கேட்கவில்லை, அதுவே குறை. பட்டியல் எழுதுவது முன்னேற்பாட்டின் பாதிதான். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் ஆள், அவர் இல்லாதபோது மற்றோர் ஆள் என்று வகுத்து, அதை ஒருமுறை நடத்தியும் பார்த்தால்தான் அது முழுமையாகும்.

இதற்கு ஒடிசா மாநிலம் நல்ல சான்று. 1999 அக்டோபர் 29ஆம் நாள் அங்கே வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அன்று அக்கரையில் புயல் காப்பகங்கள் மிகச் சிலவே இருந்தன. அத்துயரத்துக்குப்பின் நூற்றுக்கணக்கில் காப்பகங்கள் எழுந்தன. அவற்றுள் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாகப் பயன்படுகின்றன. நாள்தோறும் பிள்ளைகள் புழங்கும் கட்டடத்தில் கதவு துருப்பிடிப்பதில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் அன்றே தெரிந்துவிடும். ஊர் மக்களைக் கொண்ட குழுக்கள் அவற்றைப் பேணுகின்றன; ஒத்திகையும் நடத்துகின்றன. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது, ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டனர். இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. கடல் அதே கடல்தான். மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுதான் வேறு.

இனி, நடைமுறைக்கு வருவோம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகம் படிப்போர் அறிவீர்கள். ஆதலால், சாதாரணக் காற்றுக்கு அசையாத தகரமும் விளம்பரப் பலகையும் புயலில் கத்தியாகிப் பறக்கும். பள்ளியில் தளர்ந்த ஓடுகளையும், பட்ட கிளைகளையும் புரட்டாசியிலேயே கவனித்துவிட வேண்டும். முதல் அறிவிப்பு வந்தவுடன் பதிவேடுகளையும் சான்றிதழ்களையும் உயரமான அலமாரியில் ஏற்றிவிட வேண்டும். அடுத்த நாள் குடிநீர்த் தொட்டியை நிரப்பி, கழிவறையைச் சீர் செய்து, விளக்கும் கயிறும் கடப்பாரையும் ஓரிடத்தில் வைக்க வேண்டும். திறவுகோல்கள் மூன்று படிகளாக மூவரிடம் இருத்தல் நன்று. அவர்களுள் ஒருவராவது பள்ளிக்கு அருகில் குடியிருப்பவராக இருத்தல் வேண்டும்.

வணிகர்களுக்கும் இதில் பங்குண்டு. புயலுக்குப்பின் எங்கள் பக்கத்துச் சிற்றூர்கள் பல, நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்போது அரிசிக் கடையும் மருந்துக் கடையும் திறந்திருப்பதே ஊருக்கு உயிர். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரப்பலகைமீது அடுக்குதல், கணக்கின் படி ஒன்றை வேற்றூரில் வைத்திருத்தல், வேலையாட்களை இருட்டுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடுதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மின்னாக்கியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நிலத்தடித் தளங்களில் வைத்திருந்த மின்னாக்கிகள் வேண்டிய வேளையில் பயன்படாமற்போயின.

பொதுவிடங்களைப் பொறுத்தவரை, 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நினைவில் கொள்ளலாம். பேருந்து நிலையம், சந்தை, திருமண மண்டபம் ஆகியவற்றில் கூடுவோர் வெளியூரார். அவர்களுக்கு உள்ளூர் வழி தெரியாது. மேடான இடம் எது, உறுதியான கட்டடம் எது என்று எழுதி ஒட்டியிருந்தால் அவர்கள் திகைக்கமாட்டார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். புயலின் நடுவே 'கண்' என்று சொல்லப்படும் அமைதியான பகுதி உண்டு. அது நம்மைக் கடக்கும்போது காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். சில வேளைகளில் விண்மீன்கள்கூடத் தெரியும். புயல் முடிந்தது என்று எண்ணி வெளியே வருவோர் பலர். ஆனால் சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும். முதற்காற்றில் தளர்ந்தவை அப்போதுதான் விழும். ஆகவே வானொலி சொல்லும்வரை வெளியே வராதீர்கள்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைச் சின்னங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றின் எண் ஒன்றில் தொடங்கிப் பதினொன்றில் முடிகின்றது. பத்தாம் எண் பேராபத்தைக் குறிக்கும். அப்படியானால் பதினொன்று எதைக் குறிக்கும்? வானிலை நிலையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்பதைக் குறிக்கும். அதற்குமேல் செய்தி வராது; கேட்பதற்கும் ஆளில்லை. கஜா வந்த இரவில் எங்கள் கைப்பேசிகள் மௌனமானபோது நாங்களும் அந்நிலையில்தான் இருந்தோம். அந்நேரத்தில் ஒருவருக்கு உதவுவன, அவர் முன்பே செய்துவைத்தவை மட்டுமே.

ஓய்வு பெறுவதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி முதல் வாரத்தில் பள்ளியில் ஓர் ஒத்திகை நடத்தினேன். மணி அடிக்கும், பிள்ளைகள் வரிசையாகப் புதிய கட்டடத்துக்குச் செல்வர். அதைத் திறப்பவர் தலைமையாசிரியர் அல்லர். அன்று பூட்டை உடைத்த அம்மையாரே தம்மிடமுள்ள திறவுகோலால் திறப்பார்.

மாணவர்களே, நாளை உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ சென்றதும் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். அங்குள்ள உறுதியான கட்டடம் எது என்று பாருங்கள். அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது, அவர் இரவில் எங்கே தங்குகிறார் என்று பணிவோடு கேளுங்கள். விடை தெரிந்தால் மகிழுங்கள். தெரியாவிட்டால், தெரியும்வரை கேளுங்கள். மழைக்காலம் வருமுன் கேட்பது எவருக்கும் குற்றமாகத் தோன்றாது.