நாற்காலிக்கு முன்னால் வந்த சட்டம்



மக்கள் தலைவர் வ. சுப்பையாவைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எம்.எல்.ஏ. என்றதும் இன்று நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிபாரிசுக் கடிதம், காதுகுத்துக்கு வைக்கிற மொய், தெருமுனை பேனர். எம்.எல்.ஏ.க்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேட்பதே நாம்தானே! ஆனால் சுப்பையா இந்தப் புதுச்சேரி மண்ணுக்கு வாங்கித் தந்த பெரிய சட்டம், அவர் எந்தச் சபையிலும் உட்காராத காலத்தில் வந்தது. அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

1911 பிப்ரவரி 7-ல் பிறந்தவர். 1934-ல் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வர முன்னின்று உழைத்தபோது வயது 23. அதே ஆண்டு 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். பிறகு அவர் பாதை ஆலை வாசலுக்குப் போனது. சவானா, ரோடியர், கெப்ளே என மூன்று பஞ்சாலைகள். சங்கு ஊதினால் உள்ளே போகிற தொழிலாளி, எப்போது வெளியே வருவான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சங்கம் வைக்கவும் உரிமை இல்லை.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். 1936 ஜூனில் பிரான்சில் லெயோன் புளூம் அரசு தன் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்டது. அடுத்த மாதம், ஜூலை 30-ம் தேதி, அதே பிரான்சின் கொடி பறந்த புதுச்சேரியில், உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டார்கள். பன்னிரண்டு பேர் செத்தார்கள். அங்கே சட்டம், இங்கே குண்டு!

சுப்பையா அழுதுகொண்டு உட்காரவில்லை. நேருவைப் பார்த்தார். 1937-ல் கப்பலேறிப் பாரீசுக்கே போனார். உங்கள் ஊரில் கொடுத்ததை எங்கள் ஊரில் ஏன் மறுக்கிறீர்கள் என்பதுதான் அவருடைய வழக்கு. அந்த ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவுக்குக் கிடைத்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில், 1934-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் பத்து மணி நேரம் வேலை வாங்க அனுமதித்திருந்த காலம் அது.

அதன்பிறகு சிறை, நாடுகடத்தல். அவர் வீட்டையே கொளுத்தினார்கள். இந்தியாவோடு இணைவது பற்றி அவருடைய கம்யூனிஸ்ட் கட்சியின் நிலை இடையில் மாறியதும் உண்டு. அதை மறைத்துப் புகழ்வது அவருக்கே பிடிக்காது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். புதுச்சேரிச் சபையில் சுப்பையா பெரும்பாலும் எதிர்வரிசையில்தான் உட்கார்ந்தார். 1969-ல் ஃபரூக் மரைக்காயர் அமைச்சரவையில் விவசாயம் பார்த்தார். பதவிக் கணக்கு அவ்வளவுதான். ஊருக்கே வேலை நேரம் குறித்தவருக்கு இது சின்னக் கணக்கு என்பது என் அபிப்பிராயம். 1993-ல் மறைந்தார்.

கடலூர் சாலையில் டவுனுக்குப் போகிறவர்கள் ஏ.எஃப்.டி. மில்லைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பழைய ரோடியர். 2020-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

தம்பிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் பேச்சுகளைத் தேடுங்கள். இரண்டு பேர் போய் அனுமதி கேட்டு நகல் எடுத்து வாருங்கள். வருகிற ஜூலை 30-ல் இதே மேடையில் என்னைப் பேச விடாமல், அவர் பேச்சை வாசியுங்கள். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.