ஜாமீன் என்பது என்ன?
(அதிராம்பட்டினத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் புராணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. ஜாமீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே" என்று சிலர் நினைக்கக்கூடும். நாம் வக்கீலுமல்ல, பெரிய படிப்புப் படித்தவர்களுமல்ல. ஆனால் வீட்டுக்காரன் ஜெயிலில் இருந்தால் "சனி பிடித்தது" என்று எள் விளக்கு ஏற்றும் ஜனங்களுக்கு, அவனைப் பிடித்திருப்பது சனியல்ல, ஒரு காகிதம் இல்லாத குறையே என்று சொல்ல வக்கீல் பரீட்சை வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் அடிதடி வழக்கில் ரிமாண்டு ஆனார். பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன் கொடுத்தால் விடலாம் என்று உத்தரவாயிற்று. அவர் மனைவி இருபதாயிரமும் ரொக்கமாய்க் கட்ட வேண்டும் என்றெண்ணி, தோட்டை அடகு வைத்து ஒரு தரகனிடம் கொடுத்தார். பணம் போயிற்று, புருஷன் வரவில்லை. பிறகு அந்த அம்மாள் நம்மிடம் வந்து கையெழுத்துக் கேட்டார். மேடையில் வீரம் பேசும் நாமும், "வீட்டை ஜப்தி செய்து விடுவார்களோ" என்று பயந்து மறுத்துவிட்டோம். அதனால் அவர் இன்னும் மூன்று வாரம் உள்ளே கிடந்தார். அந்த வெட்கந்தான் நம்மைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டச் செய்தது.

தோழர்களே! ஜாமீன் தொகை என்பது முன்கூட்டிக் கட்டும் பணமல்ல. "வாய்தாவுக்கு ஆஜராவேன்" என்று எதிரி எழுதிக் கொடுப்பது முச்சலிக்கா. "அவர் வராவிட்டால் இத்தொகைக்கு நாம் பொறுப்பு" என்று ஜாமீன்தார் எழுதிக் கொடுப்பது ஜாமீன் பத்திரம். அவர் ஒழுங்காய் ஆஜரானால் காலணாவும் கொடுக்க வேண்டியதில்லை. ஓடிவிட்டால், "ஏன் வசூலிக்கக் கூடாது" என்று கோர்ட்டு காரணம் கேட்ட பிறகே வசூல். அதிலும் ஒரு பகுதியைத் தள்ளிவிடக் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு. அவர் செய்த குற்றத்திற்கு ஜாமீன்தாரைத் தண்டிக்க முடியாது. பொறுப்பிலிருந்து விலக நினைத்தால் மனுப்போட்டு விலகிக் கொள்ளலாம்.

பின் ஏன் ஏழை உள்ளே கிடக்கிறான்? வீட்டு வரி ரசீது, தாசில்தார் சர்டிபிகேட், ரத்த சம்பந்தமுள்ள ஜாமீன்தார் என்று கேட்டால், புறம்போக்கில் குடிசை போட்டவன் எங்கே போவான்? சொத்துள்ளவன் சாயந்திரமே வீட்டுக்கு வருகிறான். சொத்தில்லாதவன் பண்ணைக்காரர் கையெழுத்துக்காகப் பிறகு வருஷக்கணக்கில் அவர் வயலில் தலைகுனிந்து நிற்பதையும் பார்த்திருக்கிறோம். 2022-ம் வருஷக் கணக்குப்படி இந்திய ஜெயில்களில் 100க்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகளே. அதாவது குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள்!

1978-ல் மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரை விடும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டும், மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஜாமீன் நிற்க வந்தவரையும் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று தள்ளினார். ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்த முச்சலிக்காவிலேயே விடச் சொன்னார். இந்தத் தீர்ப்பு நம் உப்பளத் தொழிலாளிக்குச் சொந்தமல்லவா?

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் வழி இருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் ஜாமீன் பெறுவது உரிமை, ஸ்டேஷனிலேயே கேட்கலாம். ஒரு வாரத்தில் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கருதி, ஜாமீன்தாரில்லாமலே விட வேண்டும் என்கிறது 478-வது பிரிவு. தொகை அதிகமாயிருக்கக் கூடாது என்கிறது 484. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் போலீசார் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். ஆனால் கேட்க வேண்டும், கேளாதவனுக்குக் கிடைக்காது. உத்தரவாகி ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியாதவர் விஷயத்தில், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே யோசிக்கலாமென 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்கப் பணமில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவிக் குழு இருக்கிறது.

ஆகவே தோழர்களே! தரகனிடம் கொடுக்கும் பணத்தையும், பரிகாரத்திற்குச் செலவழிக்கும் பணத்தையும் நிறுத்துங்கள். உத்தரவு நகலைக் கையில் வாங்கிப் படித்தவர்களைக் கொண்டு படியுங்கள். உங்களில் வீட்டு வரி ரசீது உள்ள பத்துப் பேர் ஒன்றுசேர்ந்து, தெரிந்த யோக்கியமான ஏழைக்கு, என்ன ஜாதியானாலும், ஜாமீன் நிற்பதென்று முடிவு செய்யுங்கள். கூலி வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவனுக்குக் கையெழுத்துப் போடுவது மோசடி. தெரிந்தவனுக்குப் பயந்து மறுப்பது கோழைத்தனம். அந்தக் கோழைத்தனத்தை ஒருமுறை செய்துவிட்டோம். இனிச் செய்யமாட்டோம் என்று இச்சபை முன் சொல்லுகிறோம்.